சவரப் பிரஷ்: செயற்கை இழையா, விலங்கு மயிரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் சவரப் பொருட்கள் விற்கும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். இரண்டு வகைப் பிரஷ்களும் கடையில் இருக்கின்றன. ஆகவே ஒன்றைத் தலையில் கட்டிவிட வேண்டிய அவசரம் எனக்கில்லை. வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்கள் எங்கள் ஊர்க் காற்றையும் தண்ணீரையும் மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. நுவரெலியாவில் இருப்பவருக்கு வேறு பதில் பொருந்தலாம்.

பிரஷ் இல்லாமல் கையால் நுரை பூசினால் என்ன குறை?

பெரிய குறை ஒன்றுமில்லை. டின் நுரையைக் கையால் பூசி வழிப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் முகமும் மழமழவென்றுதான் இருக்கிறது. ஆனால் தாடி தடித்தவர்களுக்கும், வழித்த பின் கழுத்து எரிகிறது என்பவர்களுக்கும் வித்தியாசம் தெரியும். காய்ந்த தாடி முடி முரடு. இரண்டு மூன்று நிமிடம் நீரில் ஊறினால் மென்மையாகி, பிளேட் இழுக்காமல் வெட்டும். டின் நுரையில் காற்றே அதிகம். அது தோலின் மேல் படுத்துக் கிடக்கும். பிரஷைச் சுழற்றும்போது படிந்த முடி நிமிர்கிறது, அதன் அடிவரை தண்ணீரும் சவர்க்காரமும் இறங்குகின்றன. அதற்குப் பிடிக்கும் நேரமே முடி ஊறும் நேரமாகவும் ஆகிவிடுகிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எதை வாங்குவது?

செயற்கை.

குளியலறையில் யன்னல் இல்லை, மாரியில் சுவர் வியர்க்கிறது, காலையில் அரக்கப் பரக்க பஸ் பிடிக்க ஓட வேண்டும் என்ற மூன்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினாலும் வேறு யோசனை வேண்டாம். சவரத்தை நிதானமாக, ரசித்துச் செய்பவர், பிரஷைக் காயவைக்கும் பொறுமையும் உள்ளவர் என்றால் பன்றி மயிர்ப் பிரஷ் ஒன்றை வாங்கிப் பழக்கிப் பார்க்கலாம். பேட்ஜர் என்ற விலங்கின் மயிரை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

விலங்கு மயிர் என்றால் எந்த விலங்கு?

பெரும்பாலும் மூன்று.

பன்றி மயிர்தான் மலிவு. அநேகமாகச் சீனாவில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் பன்றிகளிலிருந்து கிடைக்கிறது. தடித்தது, விறைப்பானது; தண்ணீரை இழைக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக இருக்கும்போது முகத்தைச் சுரண்டும். பயன்படுத்தப் பயன்படுத்த ஒவ்வொரு மயிரின் நுனியும் இரண்டாக, மூன்றாகப் பிளந்து மெத்தென்று ஆகும். அதுவரை நாட்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். இத்தாலியின் ஒமேகா, போர்த்துக்கலின் செமோக் ஆகிய இரண்டும் இந்த வகையில் பெயர் பெற்றவை. அந்நாட்டுச் சலூன்களில் இன்றும் பன்றி மயிர்தான் ஆட்சி செய்கிறது. கட்டிச் சவர்க்காரத்தை அது வாரி எடுக்கும் விதம் அப்படி.

பேட்ஜர், முகத்தில் வெள்ளைக் கோடு போட்ட, வளை தோண்டி வாழும் விலங்கு. இலங்கைக் காடுகளில் அது இல்லை. அதன் மயிர் அடியில் வெளிறி, நடுவில் கறுத்து, நுனியில் மீண்டும் வெளிறியிருக்கும். மயிர்களுக்கு இடையில் தண்ணீரைத் தேக்கி வைத்து மெல்ல விடும். நல்ல தரமானது மிக மென்மையானது, விலையும் அதற்கேற்பக் கூடியது. ‘பியூர்’, ‘பெஸ்ட்’, ‘சில்வர்டிப்’ என்று தரம் பிரித்து விற்கிறார்கள். இந்தப் பெயர்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ‘பெஸ்ட்’ இன்னொன்றின் ‘பியூர்’ அளவுக்கு இறங்கியிருக்கும். பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

குதிரை மயிர் இரண்டுக்கும் நடுவில். பிடரியிலும் வாலிலும் கத்தரித்து எடுப்பது, விலங்கைக் கொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கம் அபூர்வமாகத்தான் வருகிறது.

செயற்கை என்றால் நைலோன்தானே? முன்பு ஒன்று வாங்கினேன், கம்பி போலக் குத்தியது.

உங்கள் அனுபவம் சரி, காலம்தான் மாறிவிட்டது. 1938இல் நைலோன் முதன்முதலாகக் கடைக்கு வந்ததே பல் துலக்கும் பிரஷின் குச்சங்களாகத்தான். பிறகு அதே இழையைச் சவரப் பிரஷிலும் வைத்துக் கட்டினார்கள். நுனி மொட்டையாக வெட்டப்பட்ட ஒரே தடிப்பான இழை. தோலில் குத்தாமல் என்ன செய்யும்? நீரில் நனைந்தால் கொஞ்சம் துவண்டும் விடும்.

இன்று நல்ல செயற்கைப் பிரஷ்களில் இருப்பது பெரும்பாலும் பிபிடி எனப்படும் பொலியெஸ்டர் வகை இழை. மிக மெல்லியது, நுனி ஊசியாகச் சிறுத்துப் போகும்படி பதப்படுத்தப்பட்டது. ஒப்பனைப் பிரஷ்களுக்காக வளர்ந்த நுட்பம் ஆண்களின் குளியலறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இந்த இழை தண்ணீரைக் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. அதன் பலமும் அதுதான், பழகாதவர்களுக்கு வரும் தொல்லையும் அதுதான்.

வாங்கும்போது நுனியைக் கன்னத்தில் வைத்து நேராக அழுத்துங்கள். குத்தினால் பழைய காலத்து இழை. மலிவுப் பெட்டிகளில் அது இன்னும் வருகிறது. உள்ளங்கையில் பார்த்து ஏமாறாதீர்கள். கைத்தோல் தடிப்பு, ஒன்றும் தெரியாது.

எங்கள் ஊர்க் காலநிலைக்கு எது தாங்கும்?

இதுதான் முக்கியமான கேள்வி. வெளிநாட்டு மதிப்புரைகளைப் படித்துவிட்டு வருபவர்கள் கேட்க மறப்பதும் இதைத்தான்.

திருகோணமலையில் பிரஷுக்கு இரண்டு பருவங்கள் உண்டு. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் வீசும். மேற்கிலிருந்து நிலத்தின் மேலாக வரும் அந்தக் காய்ந்த காற்றில் கொடியில் போட்ட சாரமே நொடியில் மொரமொரவென்று ஆகிவிடும். அப்போது எந்தப் பிரஷும் அடுத்த நாள் காலைக்குள் அடிவரை காய்ந்திருக்கும். விலங்கு மயிர் வைத்திருப்பவருக்கு இது பொற்காலம்.

ஐப்பசியில் வாடை தொடங்கி மழை இறங்கினால் கதை மாறுகிறது. கார்த்திகை, மார்கழியில் நாள் முழுக்க வெயில் தலைகாட்டாது, கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்பீரமும் சேர்ந்துகொள்ளும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் பொருள். உப்புப் படிந்த எதுவும் முழுதாகக் காயாது. பன்றி மயிர் உறிஞ்சிய நீர் உள்ளேயே நிற்கும். வெளிநுனியைத் தொட்டால் காய்ந்தது போலிருக்கும். விரலால் கற்றையைப் பிளந்து, கைப்பிடியோடு சேரும் இடத்தைப் பாருங்கள்: அங்கே குளிர்ச்சி தெரியும், சவர்க்காரக் கசடு வெண்மையாகப் படிந்திருக்கும், மூக்கருகே பிடித்தால் பூஞ்சண வாடை வரும். அந்த இடத்தில்தான் மயிர் உக்கி முறியும். பழுது எப்போதும் அடியிலிருந்துதான் தொடங்குகிறது.

செயற்கையில் நீர் இழைகளுக்கு இடையில் மட்டுமே நிற்கிறது. வாளியின் மேல் நான்கு உதறு உதறி, துவாயில் ஒற்றி எடுத்தால் பெரும்பகுதி போய்விடும். மார்கழி மழையிலும் மாலைக்குள் காய்ந்துவிடும். எங்கள் ஊருக்கு நான் செயற்கையைச் சொல்வதற்கு வேறு காரணமே இல்லாவிட்டாலும் இது ஒன்று போதும்.

கைப்பிடியையும் பாருங்கள். மரக் கைப்பிடி அழகுதான். ஆனால் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து வார்னிஷ் உரிந்து வெடிக்கும். முலாம் பூசிய உலோகத்தை உப்புக் காற்று தின்றுவிடும். ரெசின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கைப்பிடி பேசாமல் கிடக்கும்.

தலைகீழாகத் தொங்கவிட்டுத்தான் காயவைக்க வேண்டுமாமே?

உதறிய பிறகு நிமிர்த்தி வைத்தாலும் தொங்கவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. காற்றுப் படும் இடம்தான் முக்கியம். மூடிய அலுமாரி, பிளாஸ்டிக் குழாய் இரண்டிலும் ஈரமாக வைக்க வேண்டாம். வெயிலில் கருகவும் விடாதீர்கள்.

எங்கள் கிணற்று நீர் உவர். நுரையே வரவில்லை. பிரஷ் பிழையா?

பிரஷ் பாவம். நீரில் கல்சியமும் மக்னீசியமும் கூடியிருந்தால் சவர்க்காரம் நுரையாவதற்கு முன்பே அவற்றோடு சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகிவிடும். கடலோரக் கிணறுகளில் உப்பும் கலந்திருந்தால் அது சவர்க்காரத்தைக் கரைய விடாமல் பிரித்துத் தள்ளும். எந்த மயிரைக் கொண்டு தேய்த்தாலும் கைதான் நோகும்.

கந்தளாய்க் குளத்து நீர் குழாயில் வரும் வீடு என்றால் அதையே சவரத்துக்கு எடுங்கள். கிணறு மட்டும்தான் என்றால் ஒரு கோப்பை மழை நீரோ குடிநீரோ போதும். ஒரு சவரத்துக்குத் தேவைப்படும் நீர் அவ்வளவுதான்; முகம் கழுவுவதைக் கிணற்றில் வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வழி, தேங்காயெண்ணெய் அதிகம் சேர்ந்த சவர்க்காரம். அது உப்பு நீரிலும் நுரைக்கும். கப்பல்களில் கடல் நீரில் குளிக்கக் கொடுத்த சவர்க்காரம் அந்த வகைதான். ஆனால் சிலருக்குத் தோலை வரட்டும்.

உவர் நீர்க்காரர்களுக்கும் செயற்கைப் பிரஷ் ஒரு சின்ன உதவி செய்கிறது. இழைக்குள் எதுவும் ஊறாததால் படிந்த கசடைக் கழுவி எடுப்பது எளிது.

பிரஷை எவ்வளவு நேரம் ஊறவைப்பது? கொதிநீர் விடலாமா?

பன்றி மயிர் ஐந்து நிமிடம் ஊற வேண்டும். குளிக்கப் போகும்போது கோப்பையில் நுனியை அமிழ்த்தி வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது தயாராக இருக்கும். பேட்ஜருக்கு ஓரிரு நிமிடம். செயற்கைக்கு ஊறவே தேவையில்லை, நனைத்தால் போதும்.

கொதிநீர் எதற்கும் வேண்டாம். கற்றையைக் கைப்பிடியோடு பிடித்து வைத்திருக்கும் பசை இளகும், மயிரும் சுருளும். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வாளியை அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்ளும்போது பொறுக்கிறதே, அந்தச் சூடு மிகச் சரி. உண்மையில் எங்கள் வெக்கைக்குப் பச்சைத் தண்ணீரிலேயே பலர் வழிக்கிறார்கள். அதுவும் நன்றாகத்தான் வருகிறது.

செயற்கைப் பிரஷ் வாங்கினேன். நுரை தண்ணீராக முழங்கை வரை வழிகிறது.

பன்றி மயிருக்குப் பழகிய கை உங்களுடையது. அது தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். செயற்கை குடிக்காது, நீங்கள் கொடுத்தது அத்தனையையும் முதல் சுழற்சியிலேயே முகத்தில் கொட்டிவிடும்.

இப்படிச் செய்து பாருங்கள். பிரஷை நனைத்து இரண்டு முறை நன்றாக உதறுங்கள். டியூப் கிரீம் என்றால் ஒரு பாதாம் பருப்பளவு போதும். கட்டிச் சவர்க்காரம் என்றால் அதன் மேல் பத்துப் பதினைந்து விநாடி சுழற்றுங்கள். நுனியில் பசை போலத் தடிப்பாக ஏறியிருக்க வேண்டும். முகத்தில் சுழற்றத் தொடங்கியதும் அது இழுபடும், வரண்டதாகத் தோன்றும். அவசரப்படாதீர்கள். நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு மறுபடி சுழற்றுங்கள். மறுபடி ஒரு தொடுதல். மூன்றாவது நான்காவது முறை குமிழ்கள் சிறுத்து மறைந்து, நுரை மோர்க்குழம்பைவிடத் தடிப்பாக, தயிரைவிட இளக்கமாக, பளபளப்போடு நிற்கும். கண்ணுக்குத் தெரியும் குமிழ் இருந்தால் காற்று அதிகம், இன்னும் சுழற்ற வேண்டும். பளபளப்பே இல்லாவிட்டால் இன்னும் ஒரு தொடுதல் தண்ணீர்.

அழுத்தவும் வேண்டாம். இழை வில் போல எழும்பி நுரையைக் கண்ணாடியில் தெறிக்கவைக்கும். முதலில் மெதுவான வட்டம், கடைசியில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் இழுப்பு.

பன்றி மயிர் எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது. என்ன செய்வது?

கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான், கேட்கவும் வேண்டும். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) பன்றி கடுமையான நஜீஸ், அதாவது அசுத்தம். ஈரத்தோடு பட்டால் ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். முகத்தில் ஈரத்தோடு சுழலும் ஒரு பொருளில் ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்ற சந்தேகமே கூடாது. பெட்டியில் ‘இயற்கை மயிர்’, ‘பிரிஸில்’ என்று மட்டும் எழுதியிருந்து விலங்கின் பெயர் இல்லாவிட்டால் அநேகமாகப் பன்றிதான். கறுப்பு, வெள்ளை, பழுப்பு எந்த நிறத்திலும் வரும், சாயம் போடுவார்கள். மற்ற விலங்கு மயிர்களைப் பற்றி உங்கள் மௌலவியிடம் கேளுங்கள், கடைக்காரன் பத்வா சொல்லக்கூடாது. செயற்கையில் இந்தக் கேள்வியே எழாது.

சைவ உணவுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: பிரஷைப் பார்த்து வாங்கிவிட்டுச் சவர்க்காரத்தை மறந்துவிடுகிறீர்கள். சேர்மானத்தில் ‘சோடியம் டாலோவேட்’ அல்லது ‘பொட்டாசியம் டாலோவேட்’ என்று இருந்தால் அது விலங்குக் கொழுப்பு, பெரும்பாலும் மாட்டினுடையது. ‘பாமேட்’ பாம் எண்ணெய், ‘கோகோவேட்’ தேங்காயெண்ணெய். ‘ஸ்டியரிக்’ என்பது இரண்டு வழியிலும் வரக்கூடியது.

பேட்ஜரைப் பரிந்துரைப்பதில்லை என்றீர்களே, ஏன்?

இரண்டு காரணம். சந்தையில் உள்ள பேட்ஜர் மயிரின் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. பிரித்தானியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றிப் பேட்ஜரைக் கொல்வதே குற்றம். பிரித்தானியப் பெயர் தாங்கிய பிரஷிலும் மயிர் வெளியிலிருந்து வந்ததுதான். 2018இல் விலங்குரிமை அமைப்பான பீட்டா, சீனப் பண்ணைகளில் பேட்ஜர்கள் சிறு கூடுகளில் அடைபட்டுக் கிடப்பதையும் அடித்துக் கொல்லப்படுவதையும் காட்டும் காணொளியை வெளியிட்டது. அதைப் பார்த்துப் பல நிறுவனங்கள் பேட்ஜர் விற்பனையை நிறுத்தின. பன்றி மயிர் எப்படியும் இறைச்சிக்குப் போகும் விலங்கின் மிச்சம் என்று சொல்லலாம். இதற்கு அந்தச் சமாதானமும் கிடையாது.

மற்றது, காசு. இன்றைய நல்ல செயற்கை இழை மென்மையில் பேட்ஜருக்குப் பெரிதாகப் பின்தங்கவில்லை. பல மடங்கு விலை கொடுத்து, எங்கள் மாரியில் பூஞ்சணம் பிடிக்காமல் காவல் காக்க வேண்டிய ஒரு பொருள் எதற்கு?

இணையத்தில் ‘அசல் பேட்ஜர்’ என்று மிக மலிவாக வாங்கினேன். உண்மையா?

மலிவாக என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இருந்தாலும் சோதிக்க வழி உண்டு. உதிர்ந்த ஓர் இழையைச் சாமணத்தால் பிடித்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். விலங்கு மயிர் பொசுங்கிச் சுருண்டு, தலைமயிர் கருகும் அதே நாற்றம் வரும். மிஞ்சும் கரியை விரலால் தேய்த்தால் பொடியாகும். செயற்கை இழை தீ நெருங்கும்போதே பின்வாங்கிச் சுருங்கி, உருகி, ஆறியதும் நுனியில் கடுகு போல ஒரு கெட்டி உருண்டையாக நிற்கும், அது பொடியாகாது.

இது விலங்கா, பிளாஸ்டிக்கா என்பதை மட்டும் சொல்லும். பன்றிக்குச் சாயமிட்டுப் பேட்ஜர் ஆக்கியிருக்கிறார்களா என்பதற்குப் பூதக்கண்ணாடி வேண்டும். பன்றி மயிரின் நுனி கவட்டையாகப் பிளந்திருக்கும். பேட்ஜரின் நுனி ஒற்றையாகச் சிறுத்துப் போகும். வெந்நீரில் போட்டதும் நீர் பழுப்பாக மாறினால் நடுக் கறுப்பு தூரிகையால் போடப்பட்ட கறுப்பு.

அப்பப்பாவின் பழைய பிரஷ் ஒன்று பெட்டகத்தில் கிடந்தது. கழுவிப் பயன்படுத்தலாமா?

இப்படிப்பட்டவை எங்கள் ஊரில் எப்போதாவது வெளிப்படும். 1957இல் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும்வரை இங்கே பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்தது; கப்பல்காரர்கள் விட்டுப் போன பொருட்கள் பல வீடுகளுக்குள் போயின.

பிரஷ் எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்தது பதில். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் சவரப் பிரஷ் மூலம் ஆந்த்ராக்ஸ் நோய் பரவியது. போரால் பேட்ஜர் மயிர் வருவது தடைப்பட, ஆசியாவிலிருந்து வந்த குதிரை மயிரைச் சரியாகக் கிருமி நீக்காமல், பேட்ஜர் போலச் சாயமிட்டுக் கட்டி விற்றார்கள். நச்சுவாயு முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டும் என்பதால் சிப்பாய்கள் அன்றாடம் வழிக்க வேண்டியிருந்தது. பிளேட் கீறிய இடத்தில் பிரஷ் பட்டது. ஆந்த்ராக்ஸ் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியவை. அதன் பிறகு கிருமி நீக்கச் சட்டங்கள் வந்தன. இன்று கடையில் வாங்கும் விலங்கு மயிருக்கு இந்தப் பயம் தேவையில்லை.

1930க்கு முந்திய பிரஷ் என்று தோன்றினால் அபாயம் மிகச் சிறியதாக இருந்தாலும் முகத்தில் வைக்க வேண்டாம், மயிரைச் சீண்டவும் வேண்டாம். கண்ணாடி அலுமாரியில் வையுங்கள். அதற்குப் பிந்தியது என்று உறுதியாகத் தெரிந்தால், பழைய கற்றையைக் குடைந்து எடுத்துவிட்டு, துளைக்குப் பொருந்தும் செயற்கைக் கற்றையை எபொக்சிப் பசையால் ஒட்டலாம். கற்றைகள் தனியாகவே விற்கப்படுகின்றன. அப்பப்பாவின் கைப்பிடி கையில் இருக்கும், முகத்துக்கும் புதிய இழை.

சலூனில் எல்லோருக்கும் ஒரே பிரஷ். பயப்பட வேண்டுமா?

பிளேட்டை ஆளுக்கொன்று மாற்றுகிறார்களா என்று எல்லோரும் பார்க்கிறார்கள், பிரஷை யாரும் பார்ப்பதில்லை. முதல் வழிப்பில் சிறு கீறல் விழும், இரண்டாவது நுரைக்கு அதே பிரஷ் அந்தக் கீறலின் மேல் போகும், அடுத்த ஆள் கதிரையில் உட்காருவார். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாட்களாவது உயிர் வாழக்கூடியது. மயிர்க்கால் அழற்சியும் தாடிப் படையும் இப்படித் தொற்றக்கூடியவை.

சலூன் நடத்தும் தம்பிமாருக்கு: செயற்கைப் பிரஷ் பலவற்றை வாங்கி, ஒன்று முகத்தில் இருக்கும்போது மற்றவை கழுவி, 70 சதவீத அல்கஹோலில் நனைத்துக் காயும்படி சுழற்சியில் வையுங்கள். செயற்கை இழை அதைத் தாங்கும். விலங்கு மயிர் நாளடைவில் வரண்டு முறியும். வாடிக்கையாளர்களுக்கு: சொந்தப் பிரஷைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். எந்தச் சலூன்காரரும் கோபிக்க மாட்டார்.

முகத்தில் பரு. கழுத்தில் முடி உள்நோக்கி வளர்கிறது. எது நல்லது?

மென்மையான செயற்கை. வட்டமாகத் தேய்க்காமல் மேலும் கீழுமாகப் பூசுங்கள். பன்றி மயிரின் சுரண்டல் சிலருக்கு இறந்த தோலை நீக்கி உதவும், ஆனால் பழுத்த பருவின் மேல் அது வேண்டாத வேலை. சீழ் வைத்திருந்தால் பிரஷையும் பிளேட்டையும் வைத்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள்.

மயிர் உதிர்கிறது.

புதிய விலங்கு மயிர்ப் பிரஷில் முதல் சில சவரங்களில் ஒன்றிரண்டு உதிர்வது வழக்கம். நாளுக்கு நாள் கூடினால் அல்லது கொத்தாக வந்தால் பசை விட்டுவிட்டது. கடையில் திருப்பிக் கொடுங்கள். உதிர்ந்த மயிர் நடுவில் முறிந்திருந்தால் குறை பிரஷில் இல்லை, அதை முகத்தில் குத்தி அழுத்தும் கையில்.

என்ன அளவு வாங்குவது?

கற்றையின் அடி விட்டம் 22 முதல் 24 மில்லிமீற்றர் சாதாரண முகத்துக்குப் போதும். 28க்கு மேல் போனால் மூக்குத் துளைக்குள்ளும் நுரை போகும். மீசை வைத்திருப்பவர்கள் சிறியதையே எடுங்கள்.

இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அடிக்கடி போகிறேன்.

செயற்கை, குட்டைக் கைப்பிடி, காற்றுத் துளையுள்ள மூடி. ஈரப் பன்றி மயிரைப் பையில் அடைத்துப் போனால் புறக்கோட்டையில் இறங்கும்போது சட்டையும் சேர்ந்து மணக்கும்.

மச்சானுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க வேண்டும். அவர் எதை விரும்புவார் என்று தெரியாது.

தெரியாதபோது செயற்கை. அவருடைய மதமோ உணவுப் பழக்கமோ தோலோ எதுவும் குறுக்கே வராது. பணத்தைக் கைப்பிடியின் அழகில் போடுங்கள். கூடவே நல்ல சவர்க்காரம் ஒன்று வையுங்கள். வெறும் பிரஷைக் கொடுத்தால் அது அலுமாரியிலேயே இருந்துவிடும்.

செயற்கை என்பது பிளாஸ்டிக். கடலுக்குத்தானே போய்ச் சேரும்?

பிளாஸ்டிக்தான், மறுப்பதற்கில்லை. உக்காது. கடலை முற்றத்தில் வைத்துக்கொண்டு வாழும் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு பக்கம் பல ஆண்டுகள் உழைக்கும் ஒரு பிரஷ், மறுபக்கம் சில மாதத்துக்கொரு நுரை டின் என்று வைத்துப் பார்த்தால் பிரஷ்தான் குறைவான குப்பை. இது உறுத்துகிறது என்றால் மரக் கைப்பிடி போட்ட குதிரை மயிர்ப் பிரஷைத் தேடுங்கள். அதைக் காயவைக்கும் பொறுப்பையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

பிரஷ் வெள்ளையாகப் படிந்து விறைத்துவிட்டது. எறிவதா?

அது சவர்க்காரக் கசடு. ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்கு நான்கைந்து பங்கு இளஞ்சூட்டு நீர் சேர்த்து, கைப்பிடி நனையாமல் கற்றையை மட்டும் சில நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். விரலால் அடிவரை பிளந்து அலசுங்கள். பிறகு கொஞ்சம் ஷம்பூ போட்டுக் கழுவினால் வினாகிரி நாற்றமும் போய்விடும். உவர் நீர் வீடுகளில் மாதம் ஒருமுறை செய்யலாம். புதிய பன்றி மயிர்ப் பிரஷின் கொட்டில் நாற்றத்துக்கும் ஷம்பூதான் மருந்து. ஒரே கழுவலில் போகாது.

இரண்டு வகையையும் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. கச்சான் காலத்தில் பன்றி மயிர், ஐப்பசி முதல் செயற்கை. எடுத்து வைக்கும் விலங்கு மயிரை முதலில் கழுவி, இரண்டு நாள் காற்றில் நன்றாகக் காயவிடுங்கள். அதில் எஞ்சும் கசடும் மயிரும் அந்துப்பூச்சிக்கு உணவு. இறுக்கமாக மூடும் போத்தலில் போட்டு வைத்தால் பூச்சி வராது. ஆனால் அடி முழுதாகக் காய்ந்த பிறகுதான் மூட வேண்டும்.